ஆதிப்பாறை 15415: நிலவிலிருந்து வந்த ஒரு வெள்ளைக் கல் குறித்த நிகழ்வு ஆய்வு

1971 ஆகஸ்ட் 1ஆம் தேதி, அப்பலோ 15 பயணிகளான டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் நிலவின் ஹேட்லி டெல்டா மலைச் சரிவில், ஸ்பர் எனப் பெயரிடப்பட்ட சிறு பள்ளத்தின் விளிம்பில் நின்றிருந்தார்கள். அவர்கள் கண்ணில் ஒரு கல் பட்டது. சாம்பல் நிறப் புழுதியும் மண்கட்டிகளும் இறைந்து கிடந்த அந்தச் சரிவில், ஒரு கட்டியின் உச்சியில், யாரோ எடுத்துப் பார்வைக்கு வைத்ததுபோல் அது அமர்ந்திருந்தது. அதன் எடை 269.4 கிராம், ஒரு கையில் அடங்கிவிடும். அப்பலோ 15 கொண்டுவந்த சுமார் 77 கிலோ மாதிரிகளில் அது மிகச் சிறிய பங்கு. ஆனாலும் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசும் எவரும் அந்தக் கல்லைச் சொல்லாமல் முடிப்பதில்லை. பட்டியலில் அதன் எண் 15415. செய்தியாளர்கள் அதற்கு வைத்த ‘ஜெனிசிஸ் ராக்’ என்ற பெயர், விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமத்தை நினைவூட்டுவது. தமிழில் அதை ஆதிப்பாறை என்று அழைப்பது பொருந்தும்.

இந்தக் கல்லைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் வயதிலிருந்தே தொடங்குகிறார்கள். எனக்கு அது தவறான வாசலாகத் தோன்றுகிறது. இந்த நிகழ்வில் இரண்டு கேள்விகள் உள்ளன. இது என்ன பாறை என்பது ஒன்று; எப்போது உருவானது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கான விடை நிலவின் மேற்பரப்பிலேயே, ஓரிரு நிமிடங்களுக்குள், இரண்டு விமானப்படை அதிகாரிகளின் வாயிலிருந்து வந்தது. அந்த விடை இன்றுவரை அசையவில்லை. இரண்டாவது கேள்விக்கு அரை நூற்றாண்டாக ஆய்வுக்கூடங்கள் விடை தேடியும், இந்தக் கல்லிடமிருந்து நேரடியான பதில் கிடைக்கவில்லை. கல்லின் பெயரோ அந்த இரண்டாவது கேள்வியின் மேல் நிற்கிறது.

கேள்வி முதலில் பிறந்தது

1969 ஜூலையில் அப்பலோ 11 இறங்கிய அமைதிக் கடல் ஒரு சமவெளி. நிலவில் பாட்டி வடை சுடுவதாகக் குழந்தைகளுக்கு நாம் காட்டும் கறுப்புத் திட்டுகள் இத்தகைய சமவெளிகளே. எரிமலைக் குழம்பு பரவி உறைந்த பாசால்ட் பாறையால் ஆனவை. அங்கிருந்து அள்ளி வந்த மண்ணில் பெரும்பகுதி எதிர்பார்த்தபடியே கருநிறப் பாசால்ட் துகள்களாக இருந்தது. ஆனால் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் உள்ள ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகத்தில் ஜான் வுட் தலைமையிலான குழு அந்த மண்ணைச் சலித்துத் துகள் துகளாகப் பிரித்துப் பார்த்தபோது, சில மில்லிமீட்டருக்கு மேற்படாத வெள்ளைத் துணுக்குகள் சிறு பங்கில் கலந்திருந்தன. அவை அந்தச் சமவெளிக்குச் சொந்தமானவை அல்ல. தொலைவில் விண்கற்கள் மோதியபோது மேட்டு நிலத்திலிருந்து தெறித்து வந்து விழுந்தவை என்று அவர்கள் கருதினார்கள். 1968 ஜனவரியில் டைகோ பள்ளத்தருகே இறங்கிய ஆளில்லாத சர்வேயர் 7 விண்கலம், மேட்டு நில மண்ணில் அலுமினியம் மிகுந்திருப்பதை அளந்து அனுப்பியிருந்தது. அந்த அளவீடும் வெள்ளைத் துணுக்குகளின் வேதியியலும் ஒத்துப்போயின.

அந்த வெள்ளைப் பாறையின் பெயர் அனார்த்தோசைட். அது ஏறத்தாழ முழுவதும் பிளாஜியோகிளேஸ் என்ற ஒரே கனிமத்தால் ஆனது. ஒரே கனிமம் பெருமளவில் ஓரிடத்தில் சேர வேண்டுமானால், அதை மற்றவற்றிலிருந்து பிரித்தெடுக்கும் ஏதோ ஒரு வேலை நடந்திருக்க வேண்டும். 1970 ஜனவரியில் ஹூஸ்டனில் நடந்த முதல் நிலவு அறிவியல் மாநாட்டில் வுட் குழுவும், சிகாகோவைச் சேர்ந்த ஜோசப் ஸ்மித் குழுவும் தனித்தனியே ஒரே முடிவை முன்வைத்தன. நிலவு பிறந்த காலத்தில் அதன் வெளிப்பகுதி பல நூறு கிலோமீட்டர் ஆழத்துக்கு உருகிய பாறைக்குழம்பாக இருந்தது. அது ஆற ஆற, அடர்த்தி மிகுந்த ஒலிவின், பைராக்சீன் படிகங்கள் அடியில் படிந்தன. குழம்பின் பெரும்பங்கு உறைந்த பின் தோன்றத் தொடங்கிய பிளாஜியோகிளேஸ், எஞ்சிய குழம்பைவிட எடை குறைந்ததாகையால் மேலே மிதந்து, பாலின் மேல் ஏடு படிவதுபோல் திரண்டு, நிலவின் முதல் மேலோடாயிற்று. இதுவே பாறைக்குழம்புக் கடல் கருதுகோள்.

சில மில்லிமீட்டர் துணுக்குகளை வைத்து ஒரு கோளின் பிறப்பையே சொல்வது துணிவான செயல். அன்று பலருக்கு அது மிகையாகப்பட்டதில் வியப்பில்லை. கருதுகோள் நிற்க வேண்டுமானால், மேட்டு நிலத்திலிருந்து கைப்பிடி அளவிலாவது ஒரு அனார்த்தோசைட் கிடைத்தாக வேண்டும். அப்பலோ 15 இறங்கிய இடம் அதற்கு ஏற்றதாக இருந்தது. இம்ப்ரியம் படுகையை உண்டாக்கிய மாபெரும் மோதல், ஆழத்தில் கிடந்த பழைய மேலோட்டைப் பெயர்த்து அப்பெனைன் மலைகளாக உயர்த்தியிருந்தது. அந்த மலைச் சரிவில் தேடினால் பழைய ஓட்டின் துண்டு அகப்படலாம் என்பது எதிர்பார்ப்பு.

பழக்கப்பட்ட கண்

ஸ்காட்டும் இர்வினும் நிலவியல் படித்தவர்கள் அல்லர், விமானிகள். அவர்களுக்கு ஆசிரியராக அமைந்தவர் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தின் லியோன் சில்வர். வகுப்பறைப் பாடத்தைக் குறைத்துக்கொண்டு, அவர்களைத் திரும்பத் திரும்ப மலைகளுக்கும் பாலைநிலங்களுக்கும் அழைத்துச் சென்றார். நின்ற இடத்திலிருந்து பார்த்ததை வானொலியில் சொல்ல வேண்டும். பார்வைக்கு எட்டாத இடத்தில் அமர்ந்திருக்கும் ஒருவர் அதைக் கேட்டு நிலப்பரப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். தெளிவில்லாத சொல் எங்கே விழுந்தது என்பது அன்றே தெரிந்துவிடும். லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே உள்ள சான் கேப்ரியல் மலைகளில் அனார்த்தோசைட் இருக்கிறது, அங்கேயும் சென்றார்கள். எனவே நிலவில் அந்தக் கல்லைக் கண்டபோது, அதன் பூவுலக உறவினர் அவர்களுக்கு ஏற்கெனவே அறிமுகமாகியிருந்தது.

இந்த நிகழ்வில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்தப் பகுதிதான். ஸ்பர் விளிம்பில் அவர்களுக்கிருந்த நேரம் குறைவு. கைகளில் தடித்த காற்றழுத்தக் கையுறை; தலைக்கவசத்தின் வழியே மட்டுமே பார்வை; எல்லாக் கற்கள் மேலும் ஒரே சாம்பல் புழுதி. அந்த நிலையில் கல்லை இடுக்கியால் எடுத்து உயர்த்தியபோது, புழுதி படியாத பகுதியில் படிக முகங்கள் ஒளியை வாங்கித் திருப்பின. அந்த முகங்களில் நெருக்கமான இணைகோடுகள் தெரிந்ததை ஸ்காட் கவனித்தார். பிளாஜியோகிளேஸ் படிகம் வளரும்போது அதன் அடுக்குகள் ஒன்றுவிட்டு ஒன்று திசைமாறி அமைவதால் உண்டாகும் இரட்டைப் படிகக் கோடுகள் அவை. மற்ற வெள்ளைக் கனிமங்களிலிருந்து அதைப் பிரித்தறிய நிலவியல் மாணவருக்கு முதல் ஆண்டில் கற்றுக்கொடுக்கும் அடையாளம் அதுவே. பெரும்பாலான பாறைகளில் அந்தக் கோடுகளைக் காண 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்த சீவலும் நுண்ணோக்கியும் வேண்டும். இந்தக் கல்லின் படிகங்கள் பெரியவையாக இருந்ததால் வெறுங்கண்ணுக்கே தெரிந்தன.

நாங்கள் தேடி வந்ததைக் கண்டுவிட்டோம் என்று நினைக்கிறேன் என ஸ்காட் ஹூஸ்டனிலிருந்த கட்டுப்பாட்டு மையத்துக்குச் சொன்னார். படிகப் பாறை, ஏறத்தாழ முழுவதும் பிளாஜியோகிளேஸ், அனார்த்தோசைட்டுக்கு நெருக்கமான ஏதோ ஒன்று என்று விவரித்தார். ஆய்வுக்கூட அறிக்கை பின்னால் சொன்னதும் அதுவே. கல்லைப் பிற மாதிரிகளோடு கலக்காமல் 196ஆம் எண் பையில் தனியாக இட்டார்கள். அதைத் தாங்கியிருந்த கட்டியின் துண்டுகளையும் சேகரித்தார்கள். ஒரு கல்லை அது கிடந்த சூழலோடு சேர்த்து எடுக்க வேண்டும் என்பதும் சில்வரின் பாடங்களில் ஒன்று. அதே பள்ளத்தின் விளிம்பில் பச்சை நிற மண்ணையும் அவர்கள் அள்ளினார்கள். எரிமலைப் பீச்சலில் உருவான கண்ணாடி மணிகள் அதில் நிறைந்திருந்தன. அதன் கதை தனியே எழுதத்தக்கது.

கல் சொன்னது

ஹூஸ்டனில் உலர் நைட்ரஜன் நிரம்பிய பெட்டிக்குள் வைத்துப் புழுதி நீக்கியபோது வெளிப்பட்ட கல் பளபளப்பான படிகமாக இல்லை. அது பலமுறை அடிபட்ட கல். பெரிய பிளாஜியோகிளேஸ் படிகங்களின் ஊடே வெடிப்புகள் ஓடுகின்றன. சில இடங்களில் படிகம் நொறுங்கித் தூளாகி மீண்டும் இறுகியிருக்கிறது. கனிமத்தில் 98 சதவீதத்துக்கு மேல் பிளாஜியோகிளேஸ். எஞ்சியது பெரும்பாலும் பைராக்சீன் சிறுமணிகள். பிளாஜியோகிளேஸிலும் சோடியம் மிகக் குறைவு, கால்சியம் மிகுதி. பூமியின் பெரும்பாலான அனார்த்தோசைட்டுகளில் இவ்வளவு கால்சியம் செறிந்த பிளாஜியோகிளேஸ் காணப்படுவதில்லை.

வேதியியலில் மிக அழுத்தமான சான்று ஐரோப்பியம் என்ற அருமண் தனிமத்திடமிருந்து வந்தது. அருமண் தனிமங்கள் பொதுவாக ஒன்றையொன்று பிரியாமல் சேர்ந்தே பயணிப்பவை. நிலவின் குழம்பில் ஆக்சிஜன் குறைவாக இருந்ததால், ஐரோப்பியத்தின் பெரும்பங்கு தன் கூட்டாளிகளைவிட ஒரு மின்சுமை குறைந்த நிலையில் இருந்தது. அந்த நிலையில் அது கால்சியத்தின் இடத்தில் எளிதாக அமர்ந்துகொள்ளும். ஆகவே பிளாஜியோகிளேஸ் எங்கே சேர்கிறதோ அங்கே ஐரோப்பியமும் சேரும். ஆதிப்பாறையில் மற்ற அருமண் தனிமங்கள் அற்பமாக இருக்க, ஐரோப்பியம் மட்டும் தலைதூக்கி நிற்கிறது. அப்பலோ 11 கொண்டுவந்த சமவெளிப் பாசால்டில் இதற்கு நேர்மாறாக ஐரோப்பியம் மட்டும் பள்ளம் விழுந்ததுபோல் குறைந்திருந்தது. ஏட்டில் மிகுந்திருப்பது பாலில் குறைந்திருக்கிறது. பாசால்ட் எந்த அடியடுக்கு உருகி வந்ததோ, அந்த அடுக்கிலிருந்து பிளாஜியோகிளேஸ் முன்னரே பிரிந்து மேலே போய்விட்டது என்பதற்கு இதைவிட நேரான சான்றை எதிர்பார்க்க முடியாது. பாறைக்குழம்புக் கடல் கருதுகோள் இந்த இடத்தில்தான் உறுதியான தரையில் கால் ஊன்றியது என்பது என் கருத்து.

ஆனால் கல் ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. மிதந்து திரளும் படிகங்களுக்கு இடையே குழம்பு சிக்கி உறைய வேண்டும். அப்படியானால் பாறையில் பைராக்சீனும் ஒலிவினும் கணிசமாக இருக்க வேண்டும். 98 சதவீதத் தூய்மை எப்படி வந்தது? கிடைத்த துண்டு மட்டும் தற்செயலாகத் தூயதாக அமைந்துவிட்டதோ என்று ஐயுற இடம் இருந்தது. அந்த ஐயம் தீரப் பல ஆண்டுகள் ஆயின. 2009இல் ஜப்பானின் காகுயா விண்கலத் தரவுகள், நிலவின் பல பெரும் பள்ளங்களின் நடுமேடுகளில் ஏறத்தாழ கலப்பற்ற அனார்த்தோசைட் வெளிப்பட்டிருப்பதைக் காட்டின. நம் சந்திரயான் 1 சுமந்து சென்ற நாசாவின் கனிம வரைபடக் கருவி, ஓரியண்டாலே படுகையின் உள்வளையத்திலும் அதே தூய பாறையைக் கண்டது. இந்தக் கல் நிலவின் மேலோட்டுக்கு விதிவிலக்கு அன்று, உண்மையான மாதிரியே என்பது அப்போது உறுதியாயிற்று. அந்தத் தூய்மைக்கான காரணம், குறிப்பாகச் சிக்கிய குழம்பு எவ்வாறு பிழிந்து வெளியேற்றப்பட்டது என்பது, இன்றும் ஆராயப்படுகிறது.

கடிகாரம் சொல்லாதது

இனி வயது. நிலவின் முதல் மேலோடு என்றால் 440 அல்லது 450 கோடி ஆண்டுகள் இருக்க வேண்டும் என்பது அன்றைய எதிர்பார்ப்பு; அந்த எதிர்பார்ப்பிலிருந்தே கல்லின் பெயரும் பிறந்தது. பொட்டாசியம் சிதைந்து ஆர்கானாக மாறுவதை அடிப்படையாகக் கொண்ட முறையில் வெவ்வேறு ஆய்வுக்கூடங்கள் அளந்தபோது கிடைத்த விடை சுமார் 410 கோடி ஆண்டுகள்; பிழை வரம்பு 10 கோடி அல்லது அதற்குச் சற்று மேல். பூமியில் அவ்வளவு பழைய முழுப்பாறை மிக அரிது. இருந்தும் எதிர்பார்த்தவர்களுக்கு அது ஏமாற்றம்.

இந்த எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது? ஆர்கான் ஒரு வாயு. பாறை போதிய அளவு சூடானால் அது வெளியேறிவிடும். கடிகாரம் மீண்டும் பூச்சியத்திலிருந்து ஓடத் தொடங்கும். கல்லின் உடலெங்கும் மோதலின் வடுக்கள் இருக்கின்றன. ஆகவே 410 கோடி என்பது கல் பிறந்த நாளைக் காட்டும் எண்ணாக இருக்க வேண்டியதில்லை. அது கடைசியாகக் கடுமையாகச் சூடான காலத்தைக் காட்டுவதாகக் கொள்வதே பொருத்தம். மோதலின் சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும் முறைகளை நாடலாமே என்றால், அங்கே கல்லின் சிறப்பே தடையாகிறது. ருபிடியம் ஸ்ட்ரான்சியமாக மாறுவதையும் சமாரியம் நியோடிமியமாக மாறுவதையும் கொண்டு வயது காண, ஒரே பாறையில் தாய்த் தனிமம் வெவ்வேறு விகிதத்தில் உள்ள பல கனிமங்களைப் பிரித்து அளந்து ஒப்பிட வேண்டும். இங்கே இருப்பதோ ஏறத்தாழ ஒரே கனிமம். ருபிடியமும் மிக அற்பம். எந்தத் தூய்மை முதல் கேள்விக்குத் தெளிவான விடை தந்ததோ, அதே தூய்மை இரண்டாவது கேள்விக்கு வாயை மூடிவிட்டது.

வயதைச் சொல்ல வேறு கற்கள் வந்தன. அப்பலோ 16 கொண்டுவந்த 60025 எண்ணுள்ள அனார்த்தோசைட்டில் பைராக்சீனும் ஒலிவினும் போதிய அளவு இருந்தன. 2011இல் வெளியான ஆய்வு, ஒன்றுக்கு மேற்பட்ட கதிரியக்க முறைகள் ஒத்துப்போகும்படி அதற்கு 436 கோடி ஆண்டுகள் என வயது கண்டது. ஆனால் அப்பலோ 17 பாறை ஒன்றிலிருந்த சிர்கான் மணி 441.7 கோடி ஆண்டு பழமையானதென 2009லேயே அளக்கப்பட்டிருந்தது. குழம்புக் கடலின் கடைசி எச்சத்தில்தான் சிர்கான் தோன்ற முடியும். அப்படியிருக்க, அதற்கு முன்பே மிதந்திருக்க வேண்டிய மேலோட்டுப் பாறை வயதில் அதைவிட இளையதாக இருப்பது எப்படி? மேலோடு முழுவதும் ஒரே முறையில் உறையவில்லையா, சில பகுதிகள் மீண்டும் சூடாகி உருகினவா, அளந்த எண்கள் ஆறிய காலத்தை மட்டும் காட்டுகின்றனவா என்று விவாதம் நீள்கிறது. இதில் ஆதிப்பாறை சாட்சிக் கூண்டில் ஏறவே முடியாத நிலையில் இருக்கிறது. அதன் பெயரைக் கேட்டு அதுவே நிலவின் மிகப் பழைய பாறை என்று எழுதும் கட்டுரைகளை இன்றும் காண்கிறேன். அது பிழை, திருத்தப்பட வேண்டும்.

கல்லில் பதிந்த இன்னொரு காலக்கணக்கு ஓரளவு தெளிவானது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் பாறையின் மேற்பரப்பில் உண்டாக்கும் புதிய அணுக்களின் அளவைக் கொண்டு பார்த்தால், இது நிலவின் மேற்பரப்பை ஒட்டிக் கிடந்தது ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள். அதற்கு முன்பு நானூறு கோடி ஆண்டுகளாக எங்கோ ஆழத்தில் புதைந்து கிடந்திருக்கிறது.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின்

ஆய்வுக்கெனச் சிறு துண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டது போக, கல்லின் பெரும்பகுதி இன்றும் ஹூஸ்டன் ஜான்சன் விண்வெளி மையத்தின் காப்பகத்தில் இருக்கிறது. ஒருவர் கேட்டவுடன் கிடைக்காது. என்ன அளக்கப் போகிறார், எத்தனை மில்லிகிராம் வேண்டும், சிறிய அளவில் முடியாதா என்றெல்லாம் கேட்டபிறகே கொடுப்பார்கள். இந்தக் கஞ்சத்தனத்தின் பலன் 2013இல் தெரிந்தது. நிலவுப் பாறைகளில் நீரே இல்லை என்பது அப்பலோ காலத்து முடிவு. அகச்சிவப்பு ஒளிகொண்டு 15415, 60015 ஆகிய இரு அனார்த்தோசைட்டுகளின் பிளாஜியோகிளேஸைச் சோதித்த ஒரு குழு, படிகத்துக்குள்ளே பத்து லட்சத்தில் சுமார் 6 பங்கு நீர் அடங்கியிருப்பதாக அறிவித்தது. அளவு மிகச் சிறியது. ஆனால் பிளாஜியோகிளேஸ் நீரை எளிதில் ஏற்காத கனிமம். அதில் இவ்வளவு இருந்தால், அது படிகமான குழம்பில் அதைவிடப் பன்மடங்கு இருந்திருக்க வேண்டும். 1971இல் இத்தகைய அளவீட்டை யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். அன்றே முழுவதையும் பொடித்துப் பகிர்ந்திருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்கக் கல் இருந்திருக்காது.

இந்தப் பாறைக்கும் தமிழ்நாட்டுக்கும் மெய்யான ஓர் உறவு உண்டு. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் சுமார் 250 கோடி ஆண்டு பழமையான அனார்த்தோசைட் அடுக்குகள் நிலத்துக்கு மேலேயே தெரிகின்றன. அது சேலம் மாவட்டமாக இருந்த 1956இலேயே அந்தப் பாறைத்தொகுதியைப் பற்றி ஏ. பி. சுப்பிரமணியம் விரிவான ஆய்வை வெளியிட்டார். கால்சியம் மிகுந்த பிளாஜியோகிளேஸ் என்பதில் நிலவின் மேலோட்டுக்கு இவ்வளவு நெருங்கி வரும் பூமிப் பாறைகள் மிகக் குறைவு. சந்திரயான் 2இன் தரையிறங்கியையும் உலாவியையும் சோதிக்க நிலவு மண்ணுக்கு ஈடான பொடி தேவைப்பட்டபோது, இஸ்ரோ சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளின் பாறையை எடுத்துப் பொடித்துப் பயன்படுத்தியதும், அதைத் தயாரிக்கும் முறைக்கு 2020இல் காப்புரிமை பெற்றதும் அதனால்தான். 2023 ஆகஸ்டில் சந்திரயான் 3இன் பிரக்யான் உலாவி, தென்துருவத்துக்கு அருகே 23 இடங்களில் மண்ணின் தனிமங்களை அளந்தது. அடுத்த ஆண்டு வெளியான முடிவுகளின்படி, அங்கும் ஸ்பர் விளிம்பின் கல்லுக்கு உறவான அனார்த்தோசைட் மண்ணே பரவியிருக்கிறது; குழம்புக் கடலின் ஏடு அங்கும் படிந்திருந்தது.

சித்தம்பூண்டிக் கல் ஒன்றைக் கையில் எடுத்து உருப்பெருக்கியால் பார்த்தால் உறவும் வேறுபாடும் சேர்ந்தே தெரியும். சர்க்கரைக் கட்டிபோல் வெண்மையான பிளாஜியோகிளேஸ் மணிகள்; அவற்றின் ஊடே மை தொட்டு இழுத்ததுபோல் கறுப்புக் கோடுகள். அந்தக் கறுப்பு, ஹார்ன்பிளெண்ட் என்ற கனிமம். நீர் இல்லாமல் அது உருவாகாது; அதன் படிகக் கட்டமைப்பிலேயே நீரின் கூறு உண்டு. 15415இன் படங்களில் அந்தக் கோடுகளைத் தேடிப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. வெள்ளையும், அதன் குறுக்கே ஓடும் வெடிப்புகளும், அங்கங்கே அற்பமாய்ப் பைராக்சீன் மணிகளும் மட்டுமே இருக்கின்றன.